பதினெட்டு டிகிரியில் கழற்றும் உறை

2005 கோடையில் நான் ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். நின்று யோசித்துச் சொன்னதல்ல. கையில் ஸ்லைடு தட்டு இருந்தது, அடுத்த வேலை காத்திருந்தது, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனேன். அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆனது.

அப்போது நான் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் டெக்னீஷியன். சிதம்பரத்தில் மைக்ரோபயாலஜி எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு 2004 நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு பண்ருட்டிக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு முந்திரித் தோப்பும் சில பலா மரங்களும். ஏழரை பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்குள் லேபில் இருக்கலாம். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் நிறைவதற்குள் சுனாமி வந்துவிட்டது. அதற்கப்புறம் பல மாதங்களுக்கு லேபில் கூட்டம் குறையவே இல்லை. தண்ணீர் மாதிரிகள், வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மற்றவர்கள் சில வருஷங்களில் பழகும் வேலையை நான் சில மாதங்களில் பழகினேன். பழகிய கை வேகமாகிவிட்டது, வாயும் அப்படித்தான்.

அந்தக் குழந்தை சித்திரை வெயிலில் வந்தது. பிறந்து ஒன்பது நாளான பெண் குழந்தை. தேவனாம்பட்டினத்துக்காரர்கள். வீடு போய், தார் ஷீட் போட்ட கொட்டகையில் குடியிருந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்கவில்லை, வரும் வழியில் ஒருமுறை வலிப்பும் வந்திருந்தது. டாக்டர் முதுகுத் தண்டிலிருந்து எடுத்து அனுப்பிய நீர் அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கவேண்டிய நீர் அது. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இளஞ்சிவப்பில் குட்டைக் குச்சிகள். மறுநாள் வளர்ப்புத் தட்டில் வளர்ந்ததும் உறுதியானது: ஈ.கோலை. நம் எல்லார் குடலிலும் சாதுவாக இருக்கிற கிருமிதான். ஆனால் அதில் ஒரு வகை, உடம்பைச் சுற்றிச் சர்க்கரையால் ஆன உறை ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அந்த உறை இருந்தால் ரத்தத்தில் அது சாகாது. பச்சைக் குழந்தையின் மூளைவரை போய்விடும். எங்களிடம் இருந்த கிட்டில் பரிசோதித்தபோது இது அந்த வகை என்று தெரிந்தது.

மருந்து உடனே ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் ஊசி. அந்த மூன்று வாரமும் குழந்தையின் தாய் லேபுக்கு எதிரேயிருந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் மாமியார், மடியில் தூக்குப் பாத்திரத்தோடு. மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லாரும் அவளுக்கு சிஸ்டர். நான் தட்டோடு கடந்து போனபோது எழுந்து வந்து கேட்டாள்.

"சிஸ்டர், அந்தக் கிருமி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அம்மா உடம்புலேர்ந்துதான் வரும்" என்றேன்.

இவ்வளவுதான். 'பெரும்பாலும்' என்ற சொல்லை அன்று சேர்த்தேனா என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சேர்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பாடத்தில் அப்படித்தான் படித்திருந்தேன்: பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். தேர்வில் அதை எழுதினால் மதிப்பெண் உண்டு. மாமியார் நிமிர்ந்து பார்த்ததைக் கவனித்தேன். அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

குழந்தை பிழைத்தது. இருபத்தோராம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது லேபில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். அந்தக் கிருமியை நான் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில், கிருமி வளர்க்கும் கெட்டியான அகார் கூழுக்குள் கம்பியால் குத்தி மூடி வைத்தேன். நல்ல மாதிரி ஒன்று கிடைத்தால் அப்படி எடுத்துவைப்பது லேப் வழக்கம். குப்பியை மேசை இழுப்பறையில் வைத்தாலே போதும், வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஏழெட்டு மாதம் கழித்து, மழைக்காலத்தில், அந்தப் பெண் லேப் ஜன்னலுக்கு வந்தாள். குழந்தை இடுப்பில் இல்லை. காது சோதனைக்காக மாமியார் மேல்மாடிக்குத் தூக்கிப் போயிருக்கிறார் என்றாள். ஒரு காது கேட்கவில்லை என்று சந்தேகப்பட்டார்கள். இந்த நோயில் தப்பிய குழந்தைகளுக்கு அப்படி ஆவதுண்டு. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் வந்தது அதற்கு இல்லை.

"என் உடம்ப டெஸ்ட் பண்ணி, கிருமி போயிடுச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வீட்டுக்குப் போன நாளிலிருந்து மாமியார் குழந்தையை அவளிடம் கொடுப்பதில்லை. தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப் பாலுக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தையின் துணியைக்கூட அவளைத் துவைக்க விடுவதில்லை. புருஷன் கெட்டவன் இல்லை, ஆனால் வாய் திறப்பதில்லை. ஆஸ்பத்திரி லேபில் இருந்த பெண்ணே சொல்லிவிட்டாள், கிருமி இவள் உடம்பில்தான் இருந்தது என்று தெருவெல்லாம் பேச்சு.

அந்த மாதிரி டெஸ்ட் எதுவும் இல்லை என்று சொன்னேன். இந்தக் கிருமியில் ஏதாவது ஒரு வகை எல்லார் குடலிலும் இருக்கும் என்றேன்.

"ஒங்க உடம்புல?"

"இருக்கும்."

"அப்ப ஏன் என் புள்ளைக்கு மட்டும்?"

அப்போது நான் செய்திருக்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேல்மாடிக்குப் போய், அந்த மாமியாரிடம் பேசியிருக்கவேண்டும். இந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து நாங்கள் ஒரு மாதிரிகூட எடுத்துப் பார்த்ததில்லை, எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு உண்மையில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. பயம்தான். சொன்னதை மாற்றிச் சொன்னால் லேபின் பெயர் கெடும், டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். வேலை ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொல்லி ஜன்னலிலிருந்து நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

2007-இல் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கே பிஎச்.டி. செய்யப் போனேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் கல்லூரி வேலைக்கு பிஎச்.டி. தேவைப்பட்டது. ஆனால் வழிகாட்டிப் பேராசிரியர் என்ன தலைப்பு எடுக்கிறாய் என்று கேட்டபோது என் பையில் அந்தக் குப்பி இருந்தது. டாக்டரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருந்தேன்.

இந்தக் கிருமியைப் பற்றி வெளிநாட்டில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த ஒரு விஷயம் என்னை விடவில்லை. இது உறையை எப்போதும் போட்டுக்கொண்டிருப்பதில்லை. நம் உடம்பின் முப்பத்தேழு டிகிரியில் போட்டுக்கொள்கிறது. இருபதுக்குக் கீழே குளிர்ந்தால் உறை தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. உறையைத் தயாரிக்கச் செலவு அதிகம். வெளியே குளிர்ந்த தண்ணீரிலும் மண்ணிலும் கிடக்கும்போது அது எதற்கு? குளிரில் ஒரு புரதம் அந்த மரபணுக்களின் வாசலில் வந்து படிந்துகொண்டு திறக்கவிடாமல் மறிக்கிறது. சூடேறினால் அதன் பிடி தளர்கிறது, மரபணு வேலை செய்ய ஆரம்பிக்கிறது. எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். எளிமையாகச் சொல்லாவிட்டால் இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாத சங்கதிகள் அதில் நிறைய.

உறை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரு வைரஸ் தேவைப்பட்டது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் உண்டு, ஃபேஜ் என்போம். அதில் ஒரு வகை இந்த உறையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழையும். உறை இல்லாத கிருமியை அதனால் தொடவே முடியாது. அது சாக்கடையில் கிடைக்கும். ஆகவே சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகிற சாக்கடையில், சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கயிறு கட்டிய பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்தேன். ஆட்டோக்காரர்கள் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து உதவிக்கு வந்தார்கள். சாக்கடைத் தண்ணீர்தான் வேண்டும் என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாவது முறை எடுத்த தண்ணீரில் நான் தேடிய ஃபேஜ் இருந்தது.

சோதனை கண்ணால் பார்க்கக்கூடியது. தட்டு முழுக்கக் கிருமியைத் தடவி, நடுவில் ஃபேஜ் ஒரு சொட்டு வைக்கவேண்டும். முப்பத்தேழு டிகிரியில் வைத்தால், மறுநாள் சொட்டு விழுந்த இடத்தில் தெளிவான வட்டம் இருக்கும். கிருமி செத்த இடம் அது. உறை இருந்தது என்று அர்த்தம். பதினெட்டு டிகிரியில் மூன்று நாள் வைத்தால் வட்டம் விழாது. உறை இல்லை, ஃபேஜுக்குப் பிடி கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் முப்பத்தேழு டிகிரிக்கு மெனக்கெடவே வேண்டாம். வைகாசியில் மேசை மேல் வைத்தாலே போதும். பதினெட்டு டிகிரிதான் கஷ்டம். அதற்குத் துறையில் ஒரே ஒரு குளிர் இன்குபேட்டர், வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டி, இருந்தது. பாதி இடத்தை மற்ற மாணவர்கள் பிடித்திருந்தார்கள். கீழ் அடுக்கு எனக்கு.

2009 கோடையில் அந்தக் கீழ் அடுக்கிலிருந்து எடுத்த தட்டில் ஒரு வட்டத்தைப் பார்த்தேன். பதினெட்டு டிகிரியில், மூன்றாம் நாள், நட்ட நடுவில். வேறு ஆராய்ச்சியாளர்களின் கிருமி குளிரில் உறையைக் கழற்றுகிறது, என் கிருமி கழற்றவில்லை. அந்தக் குழந்தையிடமிருந்து வந்தது மட்டும் வேறு மாதிரி. திரும்பச் செய்தேன். சில தட்டுகளில் வட்டம் விழுந்தது, சிலவற்றில் விழவில்லை. விழாத தட்டுகளை 'சரியாக வரவில்லை' என்று நோட்டில் எழுதி ஒதுக்கினேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன். எது வேண்டுமோ அது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

துறைக் கருத்தரங்கில் பேசினேன். கைதட்டினார்கள். பேராசிரியர் மிகவும் மகிழ்ந்து, வெளியூர் மாநாடு ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பிவைத்தார். வீட்டுக்குப் போன் செய்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பக்கத்துத் தோப்புக்காரரிடம் மக ஏதோ கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார்.

ஆனித் திருமஞ்சனத் திருவிழா வந்தது. ஊர் நிறையக் கூட்டம். தேர் போகும் வீதிகளில் மின்கம்பிகளைக் கழற்றினார்கள். ஆனால் எங்கள் பக்கத்து லைனில் அந்தப் பத்து நாளும் மின்வெட்டே இல்லை. முந்தைய வருஷத்திலிருந்து நாளுக்குச் சில மணி நேரம் கரண்ட் போவது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. விடுதியில் எல்லாரும் நடராஜர் புண்ணியத்தில் ஃபேன் சுற்றுகிறது என்று பேசிக்கொண்டோம். அந்தப் பத்து நாளில் நான் மூன்று முறை சோதனை செய்தேன். ஒரு தட்டில்கூட வட்டம் விழவில்லை.

முதலில் ஃபேஜ் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். முப்பத்தேழில் வைத்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. திருவிழா முடிந்தது. கரண்ட் போக ஆரம்பித்தது. வட்டங்கள் திரும்பி வந்தன. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்குபேட்டர் முன்னால் நின்றபோது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் அரைநாள் ஒப்புக்கொள்ளாமல் இருந்தேன்.

மறுநாள் ஒரு பீக்கரில் தண்ணீர் ஊற்றி, அதில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்து, கரண்ட் போனதிலிருந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறித்தேன். பதினெட்டு. இருபது. இருபத்து நான்கு. கரண்ட் வருவதற்குள் இருபத்தெட்டைத் தொட்டுவிட்டது. நான் பதினெட்டு என்று எழுதிய தட்டுகள் ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்திருக்கின்றன. கதவில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதினேன். கரண்ட் இருக்கும்போது மட்டும் அந்த எண் சரி.

உறுதி செய்துகொள்ளவேண்டும். பரங்கிப்பேட்டைப் பக்கம் மீனுக்கு ஐஸ் உடைக்கிற இடத்துக்கு என் அறைத் தோழியோடு போய், தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மீன் எங்கே என்று கண்டக்டர் கேட்டார். மீன் இல்லை, ஐஸ் மட்டும்தான் என்று தோழி சொன்னாள். இன்னொரு பெட்டியில் தட்டுகளை வைத்து, ஐஸைக் கூட்டியும் குறைத்தும் மூன்று நாள் பதினெட்டை விட்டு அசையாமல் முறை போட்டுப் பார்த்துக்கொண்டோம். அதே நாட்களில் அதே கிருமி இன்குபேட்டரிலும் இருந்தது. இன்குபேட்டர் தட்டுகளில் வட்டம். ஐஸ் பெட்டித் தட்டுகளில் ஒன்றில்கூட இல்லை. என் கிருமியும் மற்ற கிருமிகளைப் போலத்தான் குளிரில் கழற்றியது, சூட்டில் போட்டுக்கொண்டது.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். 'சரியாக வரவில்லை' என்று நான் எழுதிய இடங்களில் விரலை வைத்தார். திட்டவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை. மாநாட்டுக்குக் கடிதம் எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெறும்படி இன்னொருவர் மூலம் சொல்லி அனுப்பினார். எழுதினேன். அதைவிடக் கஷ்டமானது அடுத்த கருத்தரங்கு. கைதட்டிய அதே ஆட்கள் முன்னால் நின்று, போன முறை நான் சொன்னது தவறு, காரணம் மின்வெட்டும் என் கவனக்குறைவும் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு நினைவு வந்தது மாநாடு இல்லை, லேப் ஜன்னலில் நின்ற அந்தப் பெண். இருபது பேர் முன்னால் நின்று சொல்ல முடிந்ததை, அன்று ஒரு கிழவியிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது.

பிறகு அந்தத் தவறே ஆராய்ச்சியின் நடுப்பகுதியானது. எத்தனை டிகிரியில் உறை வர ஆரம்பிக்கிறது, குளிரிலிருந்து சூட்டுக்கு மாற்றினால் எவ்வளவு நேரத்தில் வருகிறது, திரும்பக் குளிர வைத்தால் உடனே போகிறதா. ஐஸ் பெட்டியோடு இரண்டு வருஷம். அதில் ஒன்று எனக்கு மெல்ல மெல்ல உறைத்தது. புத்தகத்தில் இருக்கிற 'வெளியுலகம்' குளிர் நாட்டு வெளியுலகம். அங்கே உடம்பை விட்டு வெளியே வந்தால் இந்தக் கிருமி உறையைக் கழற்றிவிடும். கடலூரில் சித்திரை மாதம், தார் ஷீட் கொட்டகைக்குள், குடத்துத் தண்ணீரிலும் ஈரத் துணியிலும் யார் கையிலும் அதற்குக் கழற்றத் தேவையே இருந்திருக்காது. தாயின் உடம்பு, பக்கத்து வீட்டுக்காரியின் கை, மாமியாரின் முந்தானை எல்லாம் அதற்குச் சூடான இடம்தான். அதற்குச் சூடு மட்டும்தான் தெரியும். யாருடைய சூடு என்று தெரியாது.

இன்னொன்றும் படித்தேன். அந்த உறை செய்யப்பட்டிருக்கும் சர்க்கரை, நம் நரம்பணுக்களின் மேலேயே இருக்கிற பொருள். அதனால் உடம்பின் காவல் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. ஒன்பது நாள் குழந்தையின் உடம்பு என்ன, வளர்ந்தவர்கள் உடம்பே அதை அவ்வளவு எளிதாகக் கண்டுகொள்ளாது.

2011 கடைசியில் பெரிய புயல் அடித்தது. எங்கள் தோப்பில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன, பலாவில் ஒன்று மிச்சம். மூன்று வாரம் கரண்ட் இல்லை. ஊருக்குப் போய் நின்றபோது அப்பா சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். "மரம் திரும்ப வெச்சுக்கலாம், நீ போயி எழுதி முடி" என்றார். சிதம்பரம் திரும்பி, மெழுகுவர்த்தியில் இல்லை, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையாலேயே கடைசி அத்தியாயத்தை எழுதினேன். மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்து முடித்தேன். அடுத்த வாரம் தேவனாம்பட்டினத்துக்குப் போனேன்.

முகவரி தெரியாது. கடற்கரை ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம், ஏழு வயசுப் பெண், ஒரு காது கேட்காது என்றேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகளில் மூன்றாவது வரிசையைக் காட்டினார்கள். வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவள் முறத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. பழைய ஆஸ்பத்திரி, லேப் ஜன்னல் என்று சொன்னதும் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். அன்று நான் சொன்னது எனக்குத் தெரிந்து சொன்னது இல்லை, புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன் என்றேன். உங்கள் உடம்பை நாங்கள் சோதிக்கவே இல்லை, எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். அந்தக் கிருமி ஒரு உறை போட்டுக்கொள்ளும், அதற்குச் சூடு இருந்தால் போதும், நம் ஊர் வெயிலில் அது எங்கேயும் போட்டுக்கொண்டு கிடக்கும், தண்ணீரில் இருந்திருக்கலாம், யார் கையிலும் இருந்திருக்கலாம். ஒருவேளை உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம். அப்படியே வந்திருந்தாலும் அது நீங்கள் செய்தது இல்லை, உங்கள் உடம்புக்கே அது தெரிந்திருக்காது. ஒரு வார்த்தையில் உங்கள்மேல் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். அவுங்க உள்ள இருக்காங்க, அவுங்ககிட்ட சொல்லுங்க."

மாமியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தது. யாரு என்று கேட்டார். நான் திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றது. கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு.

கிழவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணியில இருந்து வந்துருக்கலாம்ன்ற" என்றார்.

"வந்துருக்கலாம்."

"ஏங் கையிலேர்ந்தும்?"

நான் தயங்கினேன். பிறகு, "இருக்கலாம் பாட்டி. தெரியாது" என்றேன்.

அவர் தன் கைகளை மடியில் வைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார். குழந்தை பிறந்த அன்று முதலில் கையில் வாங்கியது நான்தான் என்று, யாரிடமும் இல்லாமல் சொன்னார். மருமகளைக் கூப்பிட்டு, வந்த பொண்ணுக்குத் தண்ணி குடு என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒரு பயம் வந்தது. ஒரு பெண் மேலிருந்து எடுத்த பாரத்தை இன்னொரு பெண் மேல் வைத்துவிட்டேனோ என்று. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, யார் கை என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாப்புவரை அவள் கூட வந்தாள். வழியில்தான் மற்றதைச் சொன்னாள். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அம்மா வீட்டில் இருந்தாள். புருஷன் ஒருநாள் தானாக வந்து அழைத்துப் போனார். அதன்பின் மாமியாரும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார், வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, இப்போது சோறு போடுவதே இவள்தான். குழந்தை நன்றாகப் படிக்கிறது, முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா" என்றாள். அன்று அதுவரை என்னை எப்படியும் கூப்பிடவில்லை. "இன்னொண்ணு பெத்துக்கவே இல்ல. அவுரு எவ்ளோ சொல்லியும். என் உடம்புல இருக்குதேன்னு பயம். இப்ப பெத்தா திரும்ப வருமா?"

இந்த முறை நான் அவசரப்படவில்லை. பஸ் ஒன்று வந்து நின்று போனது. வராது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். ஆனால் இது ரொம்ப அபூர்வமாக வருவது. ஒருமுறை வந்த வீட்டில் மறுமுறையும் வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டாக்டரிடம் பழைய விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறந்த முதல் மாதத்தில் குழந்தை சூடாக இருந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றும் சொன்னேன்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் போன் நம்பரைத் தன் சின்ன போனில் போட்டுத் தரச் சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில், விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போன் வந்தது. ஐந்தாம் மாதம் என்றாள். டாக்டரிடம் பழைய விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். அவர் சீட்டிலேயே பெரிதாக எழுதிவைத்திருக்கிறாராம். மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"பக்கத்துலதான் இருக்காங்க. நா குளிக்கத் தண்ணி சுட வெக்கச் சொல்லிக் கத்திக்கிட்டு இருக்காங்க" என்றாள். பின்னால் கிழவியின் குரல் கேட்டது. கூடவே குழந்தையின் குரலும். யாரும்மா போன்ல என்று கேட்டது. லேப் அக்கா என்று அவள் பதில் சொன்னாள்.